கிளிநொச்சியின்ர முகத்தை மாத்திறதெண்டால்: கட்டடமோ, திருவிழாவோ, சுவரோ, கூத்தோ?

ரெண்டு கிழமையா எங்கட சனசமூக நிலைய வட்சப் குறூப் நித்திரை கொள்ளேல்லை. லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் எண்டு மூண்டு பக்கத்தாலயும் மெசேஜ் வந்து குவியுது. விசயம் இதுதான்: வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர் ஆக்கள் 60 இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட காசு சேர்த்து வைச்சிருக்கினம், அதை வைச்சு கிளிநொச்சியின்ர இமேஜை மாத்தவேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கினம். தொடக்கிவிட்டது லண்டனில இருக்கிற என்ர சின்னம்மாவின்ர மகன். அவன்ர மகளுக்குப் பள்ளிக்கூடத்தில அப்பா பிறந்த ஊரைப் பற்றி ஒரு புறொஜெக்ட் குடுத்திருக்கினம், பிள்ளை போனில தேடினால் வந்தது சண்டையில சரிஞ்சு விழுந்து கிடக்கிற தண்ணித் தாங்கியும், ஆமி கட்டின வெற்றிச் சின்னத்தில சுவரைத் துளைச்சுக்கொண்டு நிக்கிற எறிகணையும், அதுக்கு மேல பூத்த தாமரையும்தான். அவன் எங்கட விடியப்புறம் எனக்கு வொய்ஸ் போடுறான், "அக்கா, எங்கட இடத்தை ஆரோ படமெடுத்து வைச்சிருக்கிறாங்கள், நாங்கள் எடுத்த படம் ஒண்டும் இல்லை" எண்டு.

அவன் சொன்னதில பிழை சொல்ல ஏலாது. சண்டை முடிஞ்ச கையோட ஏ9 றோட்டால பஸ் பஸ்ஸா வந்த ஆக்கள் அந்தத் தாங்கிக்கு முன்னால நிண்டு படமெடுத்துக்கொண்டு போச்சினம், பக்கத்தில நினைவுப்பொருள் விக்கிற கடையும் வந்தது, எங்களுக்குத் தண்ணி தந்த தாங்கி மற்றாக்களுக்கு வெற்றியின்ர படமாய்ப் போச்சுது. அதால இமேஜ் எண்டு கதைக்கிறது சும்மா பந்தா எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா குறூப்பில விழுந்த யோசினையளைப் பாத்தால் தலை சுத்துது, ஒருத்தர் மியூசியம் எண்டுறார், ஒருத்தர் பெஸ்டிவல், ஒருத்தர் மதில் முழுக்க பெயின்ற் அடிப்பம் எண்டுறார், பாரிஸில இருக்கிற ஒரு அண்ணை 'ஐ லவ் கிளிநொச்சி' எண்டு ஆளுயர எழுத்து வைப்பம் எண்டு படமும் கீறி அனுப்பியிருக்கிறார். நான் நிலையத்தின்ர செயலாளர் எண்டபடியா எல்லாத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி என்ர தலையில கட்டிவிட்டினம். எழுதுறன், ஆனா நடுநிலையா எழுதுவன் எண்டு எதிர்பாக்காதேங்கோ.

எழுத்து வைக்கிற கதையை முதல்ல முடிச்சு விடுவம். ஆம்ஸ்ரடாமில மியூசியத்துக்கு முன்னால 'ஐ ஆம்ஸ்ரடாம்' எண்டு பெரிய எழுத்து வைச்சிருந்தவை, உலகமே ஏறி நிண்டு படமெடுத்தது, கடைசியில கூட்டம் தாங்கேலாமல் நகரசபையே 2018 டிசெம்பரில கழட்டிக்கொண்டு போட்டுது. அங்க கூட்டம் கூடினதால கழட்டினவை. எங்கட இடத்தில வைச்சால் கூட்டமும் வராது, ரெண்டாம் மாரியோட கறள் பிடிச்சு 'ளி' எழுத்து மட்டும் விழுந்து கிடக்கும். அண்ணை கோவிக்காதேங்கோ.

இனி கட்டடம். மியூசியம் கேக்கிற ஆக்கள் எல்லாரும் சொல்லுற ஒரே பேர் பில்பாவோ. ஸ்பெயினுக்கு வடக்க, பாஸ்க் சனத்தின்ர நகரம். இரும்பாலையும் கப்பல் கட்டுற தொழிலும் படுத்து, 1983இல வெள்ளமும் வந்து, நேர்வியோன் ஆறு ஊத்தைக் கால்வாயாக் கிடந்த இடம். அங்க 1997 ஒக்டோபரில பிராங்க் கெரி எண்ட கட்டடக் கலைஞர் ரைற்றேனியத் தகடு போத்தி, மீன் செதில் மாதிரி மினுங்கிற குகன்ஹைம் மியூசியத்தைக் கட்டினார். முதல் வருசமே 13 இலட்சம் பேருக்கு மேல வந்தினம், அதுக்குப் பிறகு உலகத்தில சாகக்கிடக்கிற நகரம் எல்லாம் 'எங்களுக்கும் ஒரு பில்பாவோ வேணும்' எண்டு நிக்குது. எங்கட ரொறன்ரோ மாமாவும் அந்த வரிசையிலதான் நிக்கிறார்.

இந்தக் கதை எங்களுக்கு ஏன் கிட்டவா இருக்கெண்டால், பாஸ்க் சனத்துக்கும் தனி மொழி, தனி நாடு கேட்ட ஆயுதப் போராட்டம், நீண்ட காலக் கசப்பு எல்லாம் இருந்தது. மியூசியம் திறக்கிறதுக்கு சில நாளைக்கு முன்னால அந்த ஆயுத இயக்கத்து ஆக்கள், வாசலில பூக்கண்டு வைக்க வந்த ஆக்கள் மாதிரி வந்து பூச்சாடிக்குள்ள குண்டு கொண்டந்திருக்கினம், மறிச்ச பாஸ்க் பொலிஸ்காரர் ஒருத்தரைச் சுட்டுக் கொண்டும் போட்டினம். பில்பாவோ எண்டால் குண்டுவெடிப்பு எண்டு வெளியில தெரிஞ்ச பேர் மாறி மியூசியம் எண்டு வந்ததுக்கு முன்னால நடந்த கதை இது. மாமா அனுப்பின வீடியோவில இது இல்லை.

வீடியோவில இல்லாத இன்னும் ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, மியூசியம் வந்த பிறகு நகரம் நிமிரேல்லை, அதுக்கு முதலே வேலை தொடங்கியிட்டுது. 1992இல பழைய துறைமுகக் காணி, றெயில் காணி எல்லாத்தையும் சேர்த்துத் திருத்தவெண்டு தனியா ஒரு அரச கொம்பனி உண்டாக்கினவை, 1995இல மெற்றோ றெயில் ஓடத் தொடங்கினது, ஆத்துக்குள்ள போன கழிவைச் சுத்தப்படுத்தப் பெரிய காசு கொட்டினவை. மியூசியம் அந்த மாலையில கடைசியாக் கோத்த பூ. ரெண்டாவது, காசு. பாஸ்க் அரசாங்கம் தன்ர வரியைத் தானே அறவிடுது, அந்தக் காசிலதான் நியூயோர்க்கில இருக்கிற குகன்ஹைம் ஆக்களைக் கூப்பிட்டு, பேரைப் பாவிக்கிறதுக்கே 2 கோடி டொலர் குடுத்தது. எங்களுக்கு 2018 ஒக்டோபரில காலம் முடிஞ்ச மாகாணசபைக்கு வருசக்கணக்கா தேர்தலே நடக்கேல்லை, வீதியோரம் கான் வெட்டவே ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாமல் அலையிறம். இதுக்குள்ள மியூசியமாம்.

கட்டடம் எண்டால் இன்னொரு பயமும் எனக்கு இருக்கு, அது பராமரிப்பு. கொலம்பியாவில மெடெயின் எண்டு ஒரு நகரம், 1991இல உலகத்திலயே கொலை கூடின நகரம் அதுதான். பிறகு அங்க மலையில இருக்கிற ஏழைச் சனத்தின்ர குடியிருப்புக்கு 2004இல கேபிள் கார் விட்டவை, அதுக்குப் பக்கத்தில 2007இல மூண்டு கறுப்புப் பாறை மாதிரி ஒரு நூலகம் கட்டினவை, பரிசெல்லாம் குடுத்தினம், புத்தக அட்டையில எல்லாம் வந்தது. பத்து வருசம் போகேல்லை, வெளிச்சுவர் கழண்டு, நூலகத்தைப் பூட்டவேண்டி வந்திட்டுது. கேபிள் காரில எண்டால் சனம் வேலைக்குப் போய் வந்துகொண்டே இருந்தது. கட்டடத்துக்கும் போக்குவரத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஒண்டைப் பாக்கப் போறம், மற்றதில ஏறிப் போறம். யாழ்ப்பாணத்தில இந்தியா கட்டித் தந்த பண்பாட்டு மையத்தையும் எங்கட ஆக்கள் உதாரணம் காட்டினம், 2023 பெப்ரவரியில கையளிச்சவை, நல்ல வடிவான கட்டடம்தான், நான் போய்ப் பாத்தனான். ஆனா அதுக்குப் பின்னால ஒரு நாடு நிண்டது. எங்கட 60 இலட்சத்துக்கு வாறது ஒரு ஹோலும் ரெண்டு ரொயிலெற்றும், மிச்சத்துக்குத் திறப்புவிழாக் கல்வெட்டு, அதில ஆற்ர பேர் மேல போடுறதெண்டு ஆறு மாசச் சண்டை.

திருவிழா, அதாவது பெஸ்டிவல், கொஞ்சம் யோசிக்க வைச்ச யோசினை. ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோ எண்டால் ஒரு காலத்தில பிளேட்டால வெட்டிக்கொள்ளுற சண்டியர், குடி, கப்பல் யாட் மூடி வேலை இல்லாத சனம். 1983இல 'கிளாஸ்கோஸ் மைல்ஸ் பெற்றர்' எண்டு ஒரு சுலோகம் எடுத்தினம், எவ்வளவோ மேல் எண்டும் அர்த்தம் வரும், சேர்த்து வாசிச்சால் சிரிப்பு எண்டும் காதில விழும், கூட ஒரு மஞ்சள் உருண்டைச் சிரிப்புப் பொம்மை. 1990இல ஐரோப்பியப் பண்பாட்டு நகரம் எண்ட பட்டம் கிடைச்சுது, அதுக்கு முதல் வருசங்களில அந்தப் பட்டம் ஏதென்ஸ், புளோரன்ஸ், பாரிஸ் மாதிரி இடங்களுக்குத்தான் போனது, அந்த வரிசையில கிளாஸ்கோ எண்டதைக் கேட்டு அப்ப கன பேர் சிரிச்சிருக்கினம். ஆனா சரிவந்தது. அங்கயே பிறந்து வளந்த ஜேம்ஸ் கெல்மன் மாதிரி எழுத்தாளர்மார் எண்டால் எதிர்த்து நிண்டவை, வேலை செய்யிற சனத்தின்ர நகரத்தை அவையளிட்டக் கேளாமல் சோக்கேஸில வைச்சு விக்கிறீங்கள் எண்டு. ரெண்டு பக்கத்திலயும் நியாயம் இருக்கு. எனக்கு அதில எடுக்கத்தக்கதாப் பட்டது வேற, கிளாஸ்கோவிட்ட முதலே நல்ல ஓவியக்கூடங்களும் இசை அரங்குகளும் இருந்தது, சுலோகம் வந்து இருந்ததைக் காட்டினதேயொழிய இல்லாததை உண்டாக்கேல்லை.

எங்களுக்குக் கிட்ட இருக்கிறது கொச்சி. 2012 டிசெம்பர் 12ஆம் திகதி போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் சேர்ந்து கொச்சி-முசிறிஸ் பினாலே எண்ட ஓவியக் கண்காட்சியைத் தொடக்கினவை, புதுக் கட்டடம் ஒண்டும் கட்டாமல் அஸ்பின்வோல் மாதிரி பழைய பண்டகசாலையளுக்குள்ள. இது நல்ல மூளை, மிளகு மூட்டை அடுக்கின இடத்திலயே ஓவியம். ஆனா அதையும் நடத்திறது லேசில்லை, 2022இல டிசெம்பர் 12 திறக்கவேண்டியது, வேலை முடியேல்லை எண்டு கடைசி நேரத்தில 23ஆம் திகதிக்குத் தள்ளினவை. அவ்வளவு பெரிய ஆக்களுக்கே அந்தக் கதியெண்டால் எங்கட நிலையத்தில ஒலிபெருக்கி புக் பண்ணவே மூண்டு கோல் எடுக்கவேணும்.

எங்கட நாட்டிலயும் ஒண்டு இருக்கு. காலியில 2007இல தொடங்கின இலக்கிய விழா, கோட்டைக்குள்ள, வெளிநாட்டு எழுத்தாளர், நல்ல ஹோட்டல், நல்ல சாப்பாடு. 2008, 2009 தொடக்கத்திலயும் அது நடந்தது. வன்னியில கடைசிச் சண்டை நடந்த அந்த மாசங்களில நாங்கள் எங்க நிண்டனாங்கள் எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதை நான் வயித்தெரிச்சலில எழுதேல்லை (கொஞ்சம் இருக்கு), ஒரு விழாவாலை ஒரு நாட்டின்ர ஒரு மூலையை வடிவாக் காட்டி மற்ற மூலையை மறைக்கவும் ஏலும் எண்டதுக்காகச் சொல்லுறன்.

விழா எண்டால் எங்கட குறூப்பில அடிபடுறது திகதி. வெளிநாட்டு ஆக்களுக்கு ஓகஸ்ட்தான் சரி, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட லீவு. இஞ்ச ஓகஸ்டில கச்சான் காத்து புழுதியை வாரி முகத்தில அடிக்கும், கிணறு வத்தும், சிறுபோகம் செய்தவை இரணைமடுக் குளத்துத் தண்ணி திறந்த நாளைக் கணக்குப் பாத்து வெட்டு மிசினுக்கு வரிசையில நிப்பினம், பந்தல் போட்டால் பறந்துபோய் பரந்தனில கிடக்கும். எங்கட சனம் கையில காசும் மனசில ஆறுதலுமா இருக்கிறது காலபோகம் வெட்டி முடிச்ச பிறகு, மாசி பங்குனியில. பங்குனியில வைச்சால் எங்களுக்கு, ஓகஸ்டில வைச்சால் வாற ஆக்களுக்கு. தெரியாத மாதிரி ரெண்டுக்கும் நடுவில வைச்சால் ஒருத்தரும் வரமாட்டினம்.

சுவரோவியம் மலிவு, பெடியளுக்கு விருப்பம், போனில வடிவா வரும். சென்னையில கண்ணகி நகர், ரவுணுக்குள்ள இருந்து எழுப்பப்பட்ட சனத்தைக் கொண்டுபோய் விட்ட இடம், அந்த விலாசத்தைச் சொன்னாலே வேலை குடுக்கமாட்டாங்கள் எண்டு அந்தச் சனம் சொல்லும், அங்க 2020இல மாடிச் சுவருகளில ஆள் ஆளாப் பெரிய முகங்கள் கீறினவை. படங்கள் உண்மையிலயே நல்லம், பேப்பரில விலாசம் வேற மாதிரி வரத் தொடங்கினது. ஆனா சுவருக்கு உள்ளுக்க தண்ணி வருதோ எண்டது வேற கேள்வி. எங்கட நாட்டிலயும் 2019 கடைசியில ஊர் ஊராப் பெடியள் பெயின்ற் வாளியோட இறங்கினவை, எங்கட ஊர் மதில் ஒண்டிலயும் மயில் ஒண்டு கீறினது, இப்ப மயிலின்ர கழுத்தில ரியூசன் நோட்டீஸ், தோகையில மரண அறிவித்தல். அதோட வன்னியில சுவரில என்னத்தைக் கீறினாலும் ஒரு ஆள் வந்து இது ஆர், இது என்ன, ஆர் கீறச் சொன்னது எண்டு கேக்கும். ஆமையைக் கீறினாலும் கேக்கும். அதால இதைத் தனி யோசினையா நான் எடுக்கேல்லை, மிச்சக் காசிருந்தால் பிள்ளையளுக்குப் பெயின்ற் வாங்கிக் குடுப்பம்.

இவ்வளவையும் பாத்திட்டு, ஆரும் பிளான் போடாமல் எங்கட பக்கத்தில பேரெடுத்த ஒரு இடத்தை யோசிச்சுப் பாத்தன். முறிகண்டி. ஏ9இல போற எந்த பஸ்ஸும் அதில நிக்கும், கொண்டக்டர் "பத்து நிமிசம்" எண்டு கத்துவார், தமிழ், சிங்களம், முஸ்லிம் எண்டில்லை, டிரைவர் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் ஏறுவார், நாங்கள் ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவம், கோது பஸ் முழுக்கப் பறக்கும். (காத்துக்கும் கச்சான், கடலைக்கும் கச்சான், எங்கட ஊரில சொல்லுத் தட்டுப்பாடு.) ஏ9 2006இல மூடி 2009இல திறந்தது, திறந்த உடன பஸ் எல்லாம் முறிகண்டியில நிண்டது. சுலோகம் இல்லை, எழுத்து இல்லை, அதுவாத் திரும்பி வந்தது. ஏனெண்டால் போறவை வாறவைக்கு அது தேவையாயிருந்தது. சென்னையின்ர மார்கழிக் கச்சேரியும் இப்பிடித்தான், சங்கீத வித்வத் சபை 1928இல தொடங்கி வருசாவருசம் விடாமல் நடத்தி நடத்தித்தான் 2017இல யுனெஸ்கோ சென்னையை இசை நகரப் பட்டியலில போட்டுது. பட்டம் வர தொண்ணூறு வருசத்துக்குக் கிட்ட எடுத்திருக்கு. அங்கயும் ஆருக்கு மேடை, ஆருக்கு இல்லை எண்ட சண்டை இண்டைக்கும் தீரேல்லை. கூத்தாடுறதுக்கு ஆரைச் சேர்க்கிறது எண்டு வரேக்க எங்கட ஊரிலயும் அது வரும், வந்தால் அப்பவே கதைச்சுத் தீர்ப்பம், மூடி மறைக்கக் கூடாது.

ஓம், நான் கூத்துக்குத்தான் வாறன்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிலையத்தில பேப்பர் அடுக்கிக்கொண்டு நிண்டனான். ரெண்டு ஐயாமார் வாங்கில இருந்து ஒரே பேப்பரைக் கிழிச்சுப் பங்குபோட்டு வாசிக்கினம், ஃபான் சுத்தேல்லை. நாலரைக்கு எங்கட பிள்ளையளுக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் வந்து, வளையில சாரத்தால சுத்திக் கட்டித் தொங்கவிட்டிருந்த மத்தளத்தை இறக்கி, தோலை உள்ளங்கையால தடவிப் பாத்தார், "மாரி ஈரம் ஏறிட்டுது பிள்ளை" எண்டு வெயிலில கொண்டுபோய் வைச்சார். ரியூசன் முடிஞ்சு சைக்கிளில வந்த ஏழெட்டுப் பிள்ளையள் பாக்கை மூலையில எறிஞ்சுபோட்டு வரிசையில நிண்டினம். காத்தவராயன் கூத்து. அதில காத்தானா, அதாவது காத்தவராயனா, ஒரு இரவுக்குள்ள நாலைஞ்சு பேர் மாறி மாறி வருவினம், சின்னப் பெடியன் தொடக்கி, விடியப்புறம் கழுமரம் ஏறுறவர் மட்டும். அண்டைக்கு வந்தது எட்டு வயசுக் காத்தான், துள்ளுநடையில வலது காலைத் தூக்கவேண்டிய இடத்தில இடதைத் தூக்கிச்சுது, அண்ணாவியார் ஒண்டும் சொல்லேல்லை, தாளத்தை மட்டும் ஒருக்கா நிப்பாட்டினார், பிள்ளை தானே காலை மாத்திச்சுது.

அவரிட்ட இருக்கிற கூத்துக் கொப்பி கையெழுத்தில எழுதினது. உடுப்புப் பெட்டி, முடி, வாள் எல்லாம் இடம்பெயர்வில போட்டுது, கொப்பியை மட்டும் யூரியா பாக்கின்ர உள் பொலித்தீனால சுத்தி, பங்கருக்குள்ள தலைக்கு அணைய வைச்சுக் கொண்டு வந்தவர். முன்னுக்கு நாலு தாள் இல்லை. அந்த நாலு தாளும் அவற்ர வாயில இருக்கு, அவருக்கு இப்ப எழுபத்தி நாலு வயசு. குறூப்பில நாங்கள் இமேஜ் எண்டு கதைக்கிற நேரத்தில இதுதான் எனக்குப் பயம்.

காசுக் கணக்கு இப்பிடிப் போட்டிருக்கிறன்: அண்ணாவியாருக்கு மாசம் 30,000 வீதம் அஞ்சு வருசத்துக்கு 18 இலட்சம். நிலையத்தின்ர கூரைத் தகரம், நிலம், லைற், ஃபான், பொம்பிளைப் பிள்ளையளுக்கு உடுப்பு மாத்த ஒரு அறை, எல்லாம் 12 இலட்சத்துக்குள்ள முடிக்கலாம் எண்டு மேசன் சொல்லுறார் (மேசன்மார் சொல்லுறதுக்கு மேல ரெண்டு போட்டுக்கொள்ளுங்கோ). உடுப்பு, மத்தளம், ஆர்மோனியம், உடுக்கு 8 இலட்சம். மிச்சம் 22ஐ வங்கியில வைப்பில போட்டு, வட்டியில வருசம் ஒருக்கா பங்குனியில ஒரு இரவுக் கூத்து, கோயில் வீதியில, விடிய விடிய. ஓகஸ்டில வாற ஆக்களுக்கு நிலையத்தில ஒத்திகையைக் காட்டுவம், உங்கட பிள்ளையளையும் வரிசையில விடுங்கோ, தமிழ் தெரியாட்டிலும் தாளம் பிடிபடும்.

இதால கிளிநொச்சியின்ர இமேஜ் மாறுமோ எண்டு கேட்டால், அடுத்த வருசம் மாறாது. போனில தேடினால் கொஞ்சக் காலம் தாங்கிதான் வரும். கட்டடம் எண்டால் திறக்கிற அண்டைக்கே படம் வரும், அதில கூத்து தோத்துப்போகும், அதை நான் ஒத்துக்கொள்ளுறன். ரொறன்ரோ மாமா கேக்கிற மாதிரி காசு குடுத்த ஆக்களுக்குக் காட்டுறதுக்கு ஒண்டு வேணும் எண்டதிலயும் நியாயம் இருக்கு, அவையள் குளிருக்குள்ள ரெண்டு வேலை செய்து சேர்த்த காசு. அதுக்கு என்னட்ட ஒரே பதில், செவ்வாயும் வியாழனும் நாலரைக்கு நான் வீடியோ கோல் எடுப்பன், பிள்ளையள் ஆடுறதைப் பாருங்கோ. லண்டன்காரனிட்ட இதைச் சொன்னன், அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "அக்கா, அந்த எட்டு வயசுக் காத்தான்ர படம் ஒண்டை அனுப்புங்கோ, மகளுக்குக் காட்ட" எண்டான். தாய் தேப்பனிட்டக் கேட்டுப்போட்டு அனுப்புறன் எண்டு சொல்லியிருக்கிறன்.

வாற வெள்ளி பின்னேரம் அஞ்சு மணிக்கு நிலையத்தில கூட்டம், வெளிநாட்டு ஆக்கள் வட்சப்பில கை உயர்த்தலாம். அதுக்கு முதல், ஆற்ரையும் வீட்டில ஸ்கானர் இருந்தால் சொல்லுங்கோ, கொப்பியை வெளிக் கடையில குடுக்க அண்ணாவியார் சம்மதிக்கமாட்டார், தானும் கூட வந்து பக்கத்தில இருப்பாராம். அந்த நாலு தாளையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுறதுக்குக் கையெழுத்து வடிவான பிள்ளை ஒண்டும் வேணும்.